முறை தெரிந்த கொலைகாரன்

“நான் கொல்லலன்னு எத்தனை தடவைதான்—”

“கத்தரி உன் ஆளா, எதிர்வீட்டுக்காரன் ஆளா? அதை மட்டும் சொல்லு—”

“என் ஆள்தான். அதுக்காக—”

“உன் ஆள் கொன்னா நீ கொன்ன மாதிரிதான். இதுல அதுக்காக என்ன—”

“பேச விடுக்கா. ஒரு பேச்சாவது முழுசா பேச விடு.”

“பாதரசத்தைப் பேச விட்டியா நீ?”

தம்பி திரும்பிப் பார்த்தான். கூடத்து மேசையில் கணினி அணையாமல் கிடந்தது. அதன் கறுப்புத் திரையில், பச்சை எழுத்துகளில், பாதரசம் செத்துக் கிடந்தான்.

பிணம் என்று பார்த்தால் நான்கே வரி. துருநகர் என்னும் அந்த இணைய விளையாட்டில் படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாமே எழுத்து. எண்ணெய் வாடை வீசும் மழை, கண்ணைப் பறிக்கும் விளம்பரப் பலகைகள், இரும்புக் கை பொருத்திக்கொண்ட கூலிகள், பிடரியில் சில்லு செருகி அடுத்தவர் நினைவை விற்பவர்கள், அத்தனையும் வாக்கியங்கள். ஒருவர் தன் ஆள் செய்வதை எழுதுவார், எதிரில் இருப்பவர் பதில் எழுதுவார், ஊர் நகரும். அங்கே செத்தவன் செத்தவன்தான். ஒன்பது வருடமாகத் தகவல் கடத்திப் பிழைத்த பாதரசம் இனி வரமாட்டான்.

அக்காள் பகலில் மருந்துக் கடைக்காரி. டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்துக் கண் கூர்மையானவள். துருநகரில் நீலம் என்ற நினைவு வைத்தியச்சியாக ஆடுவாள். ஊருக்கு நடுவரும் அவள்தான்.

“கொன்னதுக்காக நான் கேக்கலடா. அந்த ஊர்ல தினம் நாலு கொலை விழுது. சலவைக்கடைக்குக் கீழ இருக்கிற பதுங்கறைக் கதவுல நின்னு கத்தரி என்ன சொன்னான்?”

“‘வெள்ளைத் துணி இன்னும் காயல.’ திரையிலதான் இருக்கே, நானும் படிச்சேன்.”

“அந்த அடையாளப் பேச்சு கத்தரிக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை மதியம் பாதரசம் அதை நீலத்துக்குச் சொன்னான். கத்தரி அப்ப அங்க இல்ல.”

“அதான் நானும் கேக்கிறேன்.”

“நீ என் தோளுக்குப் பின்னாடி நின்னு படிச்சிருப்ப. படிச்சதை உன் ஆள் காதுல ஊதியிருப்ப.”

அதுதான் குற்றம். ஆட்டக்காரருக்குத் தெரிந்தது வேறு, அவர் ஆளுக்குத் தெரிந்தது வேறு. இரண்டையும் கலக்கிறவனுக்குத் துருநகரில் இடமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டக்காரர்கள் கூடி வாக்கெடுக்கப்போகிறார்கள். கத்தரியை விலக்கினால் தம்பி திரும்ப எந்தப் பெயரிலும் உள்ளே வர முடியாது.

“போன வருஷம் ஒரு பொண்ணு தண்ணி குடிக்க எழுந்து போன நேரத்துல அவ ஆளைக் குத்திப் போட்டவன் நீ. அன்னிக்கு நாப்பது பேர் முன்னாடி உனக்காக வாக்குக் கொடுத்தது நான். இனி இந்த வீட்டுலயும் உனக்கு இடமில்ல.”

“எழுதிக் கொன்னதுக்கு வீட்டை விட்டுத் துரத்துவியா?”

“பொய் சொன்னதுக்குத் துரத்துறேன்.”

தம்பிக்கு வேலை போய் ஏழு மாதமாகிறது. அவன் கணினியையே பார்த்துக்கொண்டு சொன்னான்: “எனக்குன்னு வேலை இருக்கிறது அந்த ஒரு ஊர்லதான்க்கா.”

பின்னறைக் கதவு திறந்தது. அக்காளின் கணவர் கையில் பாதி முடிந்த பல்செட்டோடு வந்தார். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில், பட்டறையும் பின்னறையேதான். பேசுவதற்கு முன் பல்லின் மேல் ஒருமுறை ஊதித் தூசியைப் போக்கினார். மோதிர விரல் நகத்தில் அதன் விளிம்பை இழுத்துப் பார்த்தார். சொரசொரப்பு இருந்தது போலும், முகம் சுளித்தார்.

“காலையிலேயே கொலை கேசா?”

“நேத்து ஒரு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“என்னையும் சேத்தாச்சா? இங்கதான். பாலிஷ் மோட்டார் ஓடிட்டிருந்தது. மதியம் முழுக்க நிறுத்தவே இல்ல. இடி விழுந்தாக்கூட எனக்குக் கேக்காது.”

“இவன்?”

“ரூம் கதவு சாத்தியிருந்தது. மாப்ள தூங்கியிருப்பான். அவனை விடு, சின்னப் பையன். எனக்குத் தெரிஞ்சது வாயும் பல்லும்தான், உங்க விளையாட்டு ஒண்ணும் புரியாது.”

“தூங்கினேன் மாமா. அதைத்தான் காலையிலேருந்து சொல்றேன்,” என்றான் தம்பி. “கணினி இங்க திறந்தே கிடந்தது. என் பேர்ல. யார் வேணா உக்காந்திருக்கலாம்.”

“யார் வேணான்னா?” என்றாள் அக்காள். “கத்தரி உள்ள வந்தது நம்ம வீட்டு இணைப்பிலேருந்து. நடுவருக்கு அது தெரியும். நான் கடையில. வீட்டுல நீ, மாமா, மாடியில குடியிருக்கிற நர்ஸ். வேற யாரு?”

கணவர் பல்செட்டோடு உள்ளே போனார். மோட்டார் மறுபடி இரையத் தொடங்கியது. தம்பி அறைக்குப் போய்ப் பையில் சட்டைகளைத் திணிக்கும் சத்தம் கேட்டது. அவன் மடித்து வைக்கிறவன் இல்லை, திணிக்கிறவன்.

காலை பதினொன்று. அவள் செத்தவனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

பாதரசமாக ஆடியவர் வேறு ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மனைவியை இழந்தவர். குரலில் துக்கமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

“சொல்லுங்க நடுவரம்மா. பிணம் பேசுது.”

“வருத்தமா இருக்கா?”

“ஒன்பது வருஷம் கூட இருந்தவன். காலையில எழுந்ததும் கை பழக்கத்துல கணினிக்குத்தான் போச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும். இவ்வளவு மரியாதையா என்னை யாரும் கொன்னதில்ல.”

“மரியாதையாவா?”

“ஆமா. உள்ள வந்ததும் அடைப்புக்குறிக்குள்ள எழுதிக் கேட்டான்.” அடைப்புக்குறிக்குள் எழுதினால் பேசுவது ஆளல்ல, ஆட்டக்காரர். “‘இந்தக் காட்சி உங்க ஆளோட உயிருக்கு ஆபத்தா முடியலாம், சம்மதமா’ன்னு கேட்டான். நான் சரின்னேன். அடையாளம் சொல்லித்தானே வந்தான், நீங்கதான் அனுப்பியிருப்பீங்கன்னு நினைச்சேன். அதுக்குள்ள இங்க கதவு தட்டினாங்க. ஏதோ கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு, ஆள் மாட்டியிருக்காங்கன்னு. ‘கொஞ்சம் இருங்க’ன்னு எழுதிட்டுப் போனேன். திரும்பி வர அரை மணிக்கு மேல ஆயிருக்கும்.”

“கத்தரி என்ன பண்ணிட்டிருந்தான்?”

“ஒண்ணுமே பண்ணல. ஒரு எழுத்து எழுதல. காத்திட்டிருந்தான். நான் வந்ததும் ‘லிஃப்ட்ல இருந்தவங்க நல்லா இருக்காங்களா’ன்னு கேட்டுட்டுத்தான் கத்தியையே எடுத்தான்.”

அக்காளின் கை பேனாவைச் சுழற்றுவதை நிறுத்தியது.

“அன்னிக்குப் பதுங்கறையில நாம ரெண்டு பேர்தானே?” என்றாள்.

“ரெண்டு பேர்தான். நான் நீலத்துக்கு அடையாளத்தைச் சொன்னேன். அடுத்த வாரம் எல்லை தாண்டுற வண்டியில இடம் பிடிச்சிருக்கேன், வர்றியான்னு கேட்டேன். நீலம் உடனே ‘வர்றேன்’னா. பாவம், இப்ப அவ தனியாப் போகணும்.” சற்று நிறுத்தினார். “மூலையில வயர்க்காரன் இருந்தான். அவன்தான் ஊமையாச்சே, அவனை யாரு கணக்குல எடுப்பா.”

தொலைபேசியை வைத்தவள் திரைக்கு வந்தாள். கொலைக் காட்சியை முதலிலிருந்து படித்தாள். கடைசியில் இப்படி இருந்தது:

*கத்தரி கத்தியை உருவுகிறான். அலகின் மேல் ஒருமுறை ஊதுகிறான். விரல் நகத்தில் அதன் விளிம்பை இழுத்துப் பார்க்கிறான். பாதரசத்தின் கழுத்தை நோக்கி வீச முயல்கிறான். தடுப்பதா, விலகுவதா, அது பாதரசத்தின் கையில்.*

பாதரசம் விலகப் பார்த்தான். விளையாட்டே உருட்டும் பகடை அவனுக்கு விழவில்லை. அவ்வளவுதான்.

“தம்பி, இங்க வா.”

வந்தான். கையில் ஒரு சட்டை.

“நீ ஒருத்தரைக் குத்தினா எப்படி எழுதுவ?”

“குத்தினான், செத்தான்.”

“எதிராளி என்ன செய்யிறான்னு கேக்கமாட்டியா?”

“செத்தவன் என்னக்கா செய்வான்?” என்றவன், தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது போல் விழித்தான். “போன வருஷத்துக்கு அப்புறம் திருந்திட்டேன். கொஞ்சம்.”

“எவ்வளவு நேரம் காத்திருப்ப?”

“காத்திருக்கிறதா? எதுக்கு?”

அவள் அவன் கையிலிருந்த சட்டையை வாங்கி மேசைமேல் வைத்தாள். ஏழு மாதமாக இந்தப் பையனைத் திட்டாத நாளில்லை. இப்போதுதான் முதல்முறையாக அவன் முறைகேடு அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

“வெள்ளிக்கிழமை மதியம் நான் எங்கடா இருந்தேன்?”

“கடையில.”

“கடையில, மருந்து அடுக்கிற உள்ளறையில, என் போன்ல. என் தோளுக்குப் பின்னாடி காய்ச்சல் மாத்திரை அட்டைப்பெட்டிதான் இருந்தது. காலையிலேருந்து உன்னைத் திட்டுற வேகத்துல இதைக்கூட நான் யோசிக்கல.”

“அப்ப நான் இல்லன்னு ஒத்துக்கிறியா?”

“நீ இல்லன்னா வேற யாருன்னு ஆறு மணிக்குள்ள நான் சொல்லணும். நாப்பது பேர் கேப்பாங்க. தம்பிங்கிறதால விட்டுட்டாங்கன்னு பேசுவாங்க.”

அடையாளப் பேச்சு ஒலித்த அறையில் இருந்தவர்கள் மூவர். நீலம், பாதரசம், வயர்க்காரன் மௌனி. மௌனி பழைய கம்பிகளை உரித்துப் பிழைக்கிற ஊமைக் கிழவன். இரண்டு வருடமாகத் துருநகரில் இருக்கிறான். அவனாக ஆடுகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தனிக் கைப்பேசி இணைப்பிலிருந்து வருகிறவர் என்பதற்கு மேல் நடுவருக்கும் தெரியாது. முந்திக்கொண்டு எழுதமாட்டார். யார் போனாலும் காத்திருப்பார். நீலத்துக்கு அந்தக் கிழவனிடம் பேசப் பிடிக்கும். வீட்டில் வாய்க்கு வராததெல்லாம் அங்கே விரலுக்கு வரும். அவன் தலையாட்டுவான்.

மௌனி கேட்டதைக் கத்தரி பேசியிருக்கிறான். அப்படியானால் இரண்டு பேரையும் ஆட்டியது ஒரே கை. அந்தக் கை இந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பகல் ஒரு மணிக்கு மாடி நர்ஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். அவளும் துருநகர்க்காரி, சந்தையில் சில்லு விற்கிறவளாக ஆடுவாள், ஆட்ட முறை நன்றாகத் தெரிந்தவள். கூடத்துச் சாவி ஒன்று அவளிடமும் உண்டு.

“என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“நேத்து மதியம் நீ கீழ வந்தியா?”

“நானா? ராத்திரி ட்யூட்டி முடிச்சு வந்து பிணம் மாதிரி கிடந்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் நேத்துதான் நல்ல தூக்கம். எவ்வளவு அமைதியா இருந்தது வீடு.” பின்னறைப் பக்கம் கையைக் காட்டினாள். “இன்னிக்குப் பாருங்க, பல்லை ராவுற சத்தம் என் மண்டைக்குள்ளயே கேக்குது. மாமாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, வாடகையை ஏத்திடுவார்.”

“மௌனியா ஆடுறது நீயா?”

நர்ஸ் சிரித்தாள். “நான் ஊமையாவா? ஒரு நாள் தாங்குவேனாக்கா?”

அக்காளும் சிரிக்கப் பார்த்தாள். உதடு பாதியில் நின்றது. அமைதியாக இருந்தது வீடு. அந்த மூன்று சொற்களை அவள் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு திரையில் இருந்த கொலைக் காட்சியை மறுபடி படித்தாள். ஊதுகிறான். நகத்தில் இழுத்துப் பார்க்கிறான்.

தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைக்கும்போது அது மேசையில் தட்டிச் சத்தம் போட்டது.

“அக்கா, உனக்குத் தெரிஞ்சிருச்சு,” என்றான் தம்பி, பையின் ஜிப்பைப் பிடித்தபடி. “யாருக்கா?”

“தெரியல. சந்தேகத்தை வச்சு ஒருத்தரைக் குற்றவாளின்னு சொல்லிப் பாத்தாச்சு, இன்னிக்குக் காலையில. இன்னொரு தடவை வேண்டாம். நீ சத்தம் போடாம அந்த நாற்காலியில உக்காரு.”

கணினி முன்னால் உட்கார்ந்து நீலமாக உள்ளே போனாள். பின்னறையில் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

*நீலம் சலவைக்கடைக்குக் கீழே இறங்குகிறாள். பாதரசம் விழுந்த இடத்தில் யாரோ மரத்தூள் தூவியிருக்கிறார்கள்.* எழுதிவிட்டு மௌனிக்குச் சேதி அனுப்பினாள்: *தனியாக இருக்க முடியவில்லை. வருகிறாயா?*

காத்திருந்தாள்.

பின்னறையில் மோட்டார் நின்றது.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவள் விரலை உதட்டில் வைத்தாள். திரையில் வரி விழுந்தது.

*மௌனி படியிறங்கி வருகிறான். மரத்தூளைச் சுற்றிக்கொண்டு நடக்கிறான். நீலத்துக்கு அருகில், தொடாத தூரத்தில் உட்காருகிறான்.*

*“அவனைக் கொன்றது யார் என்று உனக்குத் தெரியுமா?” என்று கேட்கிறாள் நீலம்.*

பதில் வரத் தாமதமானது. பிறகு:

*மௌனி மடியிலிருந்து ஒரு செம்புக் கம்பியை எடுக்கிறான். அதன் மேல் ஊதுகிறான். நகத்தில் இழுத்துப் பார்க்கிறான். தலையை ஆட்டவில்லை.*

அக்காள் அந்த வரியைத் திரும்பப் படித்தாள். பிறகு எழுதினாள், அடைப்புக்குறிக்குள்: *(ஒரு நிமிஷம். அடுப்பில் பால் இருக்கு.)*

எழுந்தாள். சமையலறையைத் தாண்டி நடந்தாள். பின்னறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தூசி படிந்த தட்டுகளில் வாய் வாயாகப் பல்வரிசைகள். முக்காலியில் அவர். கையில் கைப்பேசி. கட்டைவிரல் திரைக்கு மேல் நிற்கிறது, எழுதவில்லை. திரையின் கடைசி வரியில் அவளுடைய பால்.

“அடுப்புல பால் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்,” என்றாள். “சமையலறை அடுத்த அறைதான். சத்தமும் இல்ல, வாசனையும் இல்ல. ஆனாலும் காத்திட்டிருக்கீங்க.”

அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“எதிராளி எழுந்து போனா ஒரு எழுத்தும் எழுதக் கூடாதுன்னு நீதானே எழுதி வச்சிருக்க,” என்றார்.

“அதுலதான் மாட்டினீங்க. கத்தரி மாதிரி எழுதணும்னா முறைகெட்டு எழுதியிருக்கணும். அவன் சம்மதம் கேக்கமாட்டான், காத்திருக்கமாட்டான், தப்பிக்க வழி விடமாட்டான். அவன் பேர்ல உக்காந்த உங்களுக்கு அது கை வரல. மோட்டார் மதியம் முழுக்க ஓடிச்சுன்னீங்க. மாடியில அந்தப் பொண்ணு நேத்துதான் நிம்மதியாத் தூங்கியிருக்கா. கத்தியை ஊதி நகத்துல இழுத்துப் பாத்தது கத்தரி இல்ல, இந்த மேசையில உக்காந்து தினம் இருபது பல்லை ஊதுறவர். ஊமைங்கிறதால மௌனியை நாங்க யாரும் ஆளாவே எண்ணல. அவன் கேட்டதை நீங்க கத்தரி வாயில வச்சிட்டீங்க.”

“அது தப்புதான்.”

“அது மட்டுமா தப்பு? பாதரசத்துகிட்ட சம்மதம் கேட்டீங்க. லிஃப்ட்ல மாட்டினவங்களை விசாரிச்சீங்க. என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவன் பை கட்டிட்டிருக்கான். காலையில எங்க முன்னாடி வந்து நின்னு ‘சின்னப் பையன், விடு’ன்னீங்க.”

அவர் தலை குனிந்தார். மெழுகுக் கத்தியை எடுத்தார். ஊதப்போனவர், அதைக் கீழே வைத்துவிட்டார்.

“இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல. ஆறு மணிக்கு நானே எழுதுறேன். என் பேர்ல. மௌனியையும் விலக்கிடு.”

அவள் திரும்பிக் கூடத்துப் பக்கம் குரல் கொடுத்தாள். “தம்பி, பையை உள்ள வை.”

கூடத்தில் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவன் காது கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்பது இருவருக்கும் தெரிந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.

“ரெண்டு வருஷம். கூடத்துல நான், இங்க நீங்க. நடுவுல ஒரு சுவர். என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நீ என்கிட்ட கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேப்ப. சாப்பிட்டாச்சான்னு கேப்ப. மௌனிகிட்டத்தான் தூக்கம் வரலன்னு சொன்ன. கடையில நிக்கிறப்ப காரணமில்லாம அழுகை வருதுன்னு சொன்ன. நான்னு தெரிஞ்சா சொல்லியிருப்பியா?”

அவள் மேசையில் இருந்த ஒரு பல்வரிசையை நகர்த்தி வைத்தாள்.

“அதனால அவனைக் கொன்னுட்டீங்க.”

“நீலம் ஊரை விட்டுப் போயிட்டா மௌனிக்குப் பேச யாரும் இல்ல. மௌனியே கொன்னா நீலம் அவன் முகத்துல முழிக்கமாட்டா, அதான் கத்தரி.”

“அது கதைங்க. எல்லை தாண்டுற வண்டி, இரும்புக் கை, எண்ணெய் மழை, எல்லாம் கதை. நீலம் போனா இன்னொரு ஆளை எழுதிட்டு அதே ஊருக்கு நான் வந்திருப்பேன். ஆட்டக்காரர் வேற, ஆள் வேற. ரெண்டையும் கலக்கக் கூடாது. அதுதானே முதல் முறை?”

அவர் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். வெளியே கூடத்தில் கணினி ஒருமுறை ஒலித்தது. துருநகரில் யாரோ அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

“வெள்ளிக்கிழமை அவன் ‘வர்றியா’ன்னு கேட்டப்ப நானும் அந்த மூலையிலதான் உக்காந்திருந்தேன். எப்பவும் யோசிச்சு யோசிச்சு எழுதுறவ, அன்னிக்கு யோசிக்கவே இல்ல. உடனே ‘வர்றேன்’னு வந்தது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நடுவரைத்தான் கேக்கிறேன். அன்னிக்கு ‘வர்றேன்’னு சொன்னது நீலம் மட்டும்தானா?”